ஐந்துக்கு இரண்டு

கடந்த ஆண்டு ஒரு நேர்முகத் தேர்வில் நான் மேசையின் மறுபக்கம் உட்கார்ந்திருந்தேன். கூலிமில் நான் வேலை செய்யும் மின்னணுத் தொழிற்சாலையில் புதிய பட்டதாரிகளை எடுக்கும்போது மேலாளரோடு ஓர் இளம் பொறியாளரும் உட்கார வேண்டும். கையில் ஒரு படிவம் கொடுப்பார்கள். தொழில்நுட்ப அறிவு, சிக்கலைத் தீர்க்கும் திறன், குழுவாக இயங்குதல், கடைசியாகக் கம்யூனிகேஷன். ஒவ்வொன்றுக்கும் ஐந்துக்கு எத்தனை என்று போட வேண்டும்.

அன்று நான்காவதாக வந்தவள் சுங்கைப்பட்டாணிப் பெண். உள்நாட்டு அரசாங்கப் பல்கலைக்கழகம், மின்னியல் பொறியியல், நல்ல புள்ளிகள். மேலாளர் வழக்கமான முதல் கேள்வியைக் கேட்டார். "டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்." அவள் பெயரைச் சொன்னாள், ஊரைச் சொன்னாள், அப்பா லாரி ஓட்டுகிறார் என்றாள். அதோடு நின்றுவிட்டது. அறையில் குளிர்சாதனப் பெட்டியின் சத்தம் மட்டும் கேட்டது. அவள் கண்கள் ஒருமுறை என் பக்கம் வந்து என் பெயர் அட்டையில் நின்றன. நான் ஏதாவது சொல்லியிருக்கலாம். தலையையாவது ஆட்டியிருக்கலாம். நான் படிவத்தைப் பார்த்துக் குனிந்துகொண்டேன். கம்யூனிகேஷனுக்கு 2 போட்டேன்.

அவளுக்கு வேலை கிடைக்கவில்லை.

அந்த 2 தப்பான மதிப்பெண் என்று சொல்ல மாட்டேன். அன்று அந்த அறையில் நடந்ததற்கு அது சரியான எண்தான். ஆனால் அது யாருக்கான மதிப்பெண் என்ற கேள்வி அப்போதிருந்து என்னை விடவில்லை. அதைத் தேடிப் போனபோது, என் குடும்பத்தில் மூன்று பேர் மூன்று விதமாக ஆங்கிலம் பேசுவதற்கான காரணமும் சேர்ந்து கிடைத்தது.

*

முதலில் என்னைப் பற்றி. 2020இல் பட்டம் முடித்தேன். கொரோனா காலம். முதல் நேர்முகத் தேர்வு என் அறையிலேயே, மடிக்கணினி முன்னால். கீழே கைலி, மேலே சட்டை, டை. அதே கேள்விதான் எனக்கும் வந்தது. வாய் திறந்தேன், எதுவும் வரவில்லை. அரை நிமிடம் கழித்து எதிரில் இருந்தவர், "ஹலோ, லைன் பிராப்ளமா?" என்று கேட்டார். நான் உடனே, "யெஸ், லைன் பிராப்ளம்" என்றேன். அன்று நான் தயங்காமல் சொன்ன ஒரே ஆங்கில வாக்கியம் அதுதான்.

இத்தனைக்கும் நான் ஆங்கிலம் படிக்காதவன் இல்லை. 2003இல் முதலாம் ஆண்டு போனவர்கள் நாங்கள். அறிவியலையும் கணிதத்தையும் ஆங்கிலத்தில் படித்த முதல் அணி. பல்கலைக்கழகத்தில் பாடப் புத்தகம், சோதனை, ஆய்வறிக்கை எல்லாம் ஆங்கிலம். பதினேழு வருடம் ஆங்கிலத்தோடு இருந்தவனுக்குத் தன்னைப் பற்றிச் சொல்ல நாலு வரி வரவில்லை என்றால், கோளாறு அவனுக்குள் மட்டுமா இருக்கிறது? பொறியாளன் புத்தி. ஒரு பொருள் கெட்டுப்போனால் அந்தப் பொருளைப் பார்ப்போம். ஒரே மாதிரி நூறு பொருள் கெட்டுப்போனால் அது வந்த வழியைத்தான் பார்ப்போம்.

*

வழி தோட்டத்தில் தொடங்குகிறது. என் தாத்தா பீடோங் பக்கம் பால்மரம் வெட்டியவர். அவர் காலத்துத் தோட்டத்தில் ஆங்கிலம் இருந்தது. ஆனால் அது இருந்த இடம் முக்கியம். துரை ஆங்கிலத்தில் சொல்வார். கிராணி அதை எழுதிக்கொள்வார். கிராணி தண்டலிடம் சொல்வார், தண்டல் ஆட்களிடம் தமிழில் சொல்வார். துரைகளே ஆட்களை வேலை வாங்குமளவுக்குத் தமிழ் கற்றுக்கொண்டார்கள். அதனால் தாத்தாவுக்கு ஆங்கிலம் பேச வேண்டிய தேவை ஒருநாளும் வரவில்லை. மேலே இருந்து கீழே இறங்கி வரும் சத்தமாகத்தான் அவருக்கு அது தெரியும்.

கிராணிகளில் பலர் யாழ்ப்பாணத் தமிழர்கள், மலையாளிகள். யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷனரிகள் 1823இலேயே வட்டுக்கோட்டையில் ஆங்கில உயர்கல்விக்கூடம் தொடங்கிவிட்டார்கள். அந்தக் கல்வி மரபில் வந்தவர்கள் மலாயாவின் ரயில்வேக்கும் அரசாங்க அலுவலகங்களுக்கும் தோட்ட ஆபீசுகளுக்கும் எழுத்தர்களாக வந்தார்கள். ஆக, ஒரே மொழி பேசும் இரு கூட்டத்துக்கு நடுவில் ஆங்கிலம் ஒரு வேலி மாதிரி நின்றது. கிராணி வீடு தனி, லயம் தனி.

தோட்டப் பிள்ளைகளுக்குப் பள்ளி கிடைத்ததும் அந்த வேலிக்குள்தான். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்றது. பல இடங்களில் அது ஒரு கொட்டகை. சில தோட்டங்களில் எழுதப் படிக்கத் தெரிந்த கங்காணியோ கிராணியோதான் வாத்தியார். தமிழ் எழுதப் படிக்க, கொஞ்சம் கணக்கு. ஆங்கிலப் பள்ளிகள் பட்டணத்தில் இருந்தன. பினாங்கு ஃப்ரீ ஸ்கூல் 1816இல் தொடங்கியது, கோலாலம்பூரின் விக்டோரியா இன்ஸ்டிடியூஷன் 1893இல். லயத்துப் பிள்ளைக்கு அங்கே போக பஸ்ஸும் இல்லை, கட்டணத்துக்குக் காசும் இல்லை.

1951இல் வந்த பார்ன்ஸ் அறிக்கை மலாயும் ஆங்கிலமும் சேர்ந்த தேசியப் பள்ளிகளைப் பரிந்துரைத்தது. அதில் தமிழுக்கும் சீனத்துக்கும் இடமில்லை. இந்தியச் சமூகமும் சீனச் சமூகமும் எதிர்த்தன. 1956இல் ரசாக் அறிக்கை, தமிழ்ப் பள்ளியும் சீனப் பள்ளியும் தொடக்கநிலையில் இருக்கலாம், இடைநிலைக்குப் போகும்போது மொழி மாறிக்கொள்ளலாம் என்ற வழிக்கு வந்தது. தமிழ்ப் பள்ளி பிழைத்தது. அதற்கு நான் நன்றியுள்ளவன், இதைத் தமிழில் எழுதிக்கொண்டிருப்பதே அதனால்தான். ஆனால் பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் ஒரு மொழியிலிருந்து இன்னொன்றுக்குத் தாண்டும் வேலை பிள்ளையின் தலையில் வந்து விழுந்தது. அந்தத் தாண்டலுக்குப் பெயர் புகுமுக வகுப்பு.

*

என் பெரியப்பா 1955இல் பிறந்தவர். தோட்டத் தமிழ்ப் பள்ளியில் ஆறாண்டு, 1968இல் பட்டணத்து ஆங்கிலப் பள்ளியில் புகுமுக வகுப்பு, 1973இல் ஐந்தாம் படிவம். அதற்குமேல் படிக்கவில்லை. ஆனால் அவர் ஆங்கிலம் பேசினால் நான் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். வங்கியில், மருத்துவமனையில், போலீஸ் நிலையத்தில் எங்கேயும் அவருக்குக் குரல் இறங்காது.

"எப்படிப் பெரியப்பா?" என்று கேட்டேன்.

"எப்படின்னா? வேற வழி இல்லடா. என் பக்கத்துல ஒரு சீனப் பையன், அந்தப் பக்கம் ஒரு மலாய்க்காரப் பையன். அவனுங்களுக்குத் தமிழ் தெரியாது, எனக்குச் சீனம் தெரியாது. பந்து கேக்கணும்னாலும் இங்கிலீஷ்தான். தப்பா பேசுவோம், சிரிப்பானுங்க, அவனுங்களும் தப்பாத்தான் பேசுவானுங்க. இப்ப உள்ள புள்ளைங்களுக்கு முயற்சி இல்ல, அவ்வளவுதான்."

கடைசி வாக்கியத்தை விட்டுவிட்டு அதற்கு முந்தியதைக் கேளுங்கள். எல்லாரும் தப்பாகப் பேசினார்கள். தாத்தாவுக்கு மேலிருந்து இறங்கி வந்த மொழி, பெரியப்பாவுக்குப் பக்கத்திலிருந்து வந்தது. பக்கத்திலிருப்பவனிடம் தப்பாகப் பேசலாம். மேலே இருப்பவனிடம் முடியாது. தைரியம் என்று நாம் சொல்வது, தப்பாகப் பேச இடம் கிடைத்த காலத்தின் மிச்சம் என்றுதான் எனக்குப் படுகிறது.

இதை வைத்து அந்தக் காலம் பொற்காலம் என்று சொல்ல முடியாது. "உங்க தமிழ்ப் பள்ளி வகுப்புல எத்தனை பேர் அஞ்சாம் படிவம் முடிச்சாங்க?" என்று கேட்டபோது பெரியப்பா விரல் விட்டு எண்ணினார். நாலு பேர். மற்றவர்கள் புகுமுக வகுப்பிலேயோ, மூன்றாம் படிவத்து எல்.சி.இ. தேர்விலேயோ நின்று பால்மரத்துக்கே திரும்பினார்கள். தாண்டியவரின் குரல்தான் நமக்குக் கேட்கிறது.

தாண்டியவருக்கும் ஒரு விலை இருந்தது. பீடோங்கில் பிறந்த கே.எஸ். மணியம் 1981இல் வெளியிட்ட 'தி ரிட்டர்ன்' நாவலில், சலவைத் தொழிலாளியின் மகன் ரவி தமிழ்ப் பள்ளியிலிருந்து ஆங்கிலப் பள்ளிக்குப் போகிறான். மிஸ் நான்சி என்ற ஆசிரியையின் வகுப்பில் அவனுக்கு வேறோர் உலகம் திறக்கிறது. அது திறக்கத் திறக்க வீடு அவனுக்கு அந்நியமாகிறது. எங்கள் வட்டாரத்து மனிதர்களை ஆங்கிலத்தில் எழுதியவர் அவர். அந்த நாவலை நான் பல்கலைக்கழகத்தில் படித்தபோது ரவியின் மேல் பொறாமைதான் வந்தது. இப்போது மறுபடி படிக்கும்போது அவன் அப்பாவைத்தான் கவனிக்கிறேன்.

*

என் அப்பா பெரியப்பாவைவிட ஒன்பது வயது இளையவர். அதே லயம், அதே தமிழ்ப் பள்ளி, அதே பட்டணத்து இடைநிலைப்பள்ளி, அதே புகுமுக வகுப்பு. மொழி மட்டும் வேறு. 1969இல் கல்வி அமைச்சராக இருந்த அப்துல் ரஹ்மான் யாக்கோப், ஆங்கிலப் பள்ளிகள் 1970 முதல் ஒவ்வோர் ஆண்டாக மலாய்க்கு மாறும் என்று அறிவித்தார். முதலாம் ஆண்டில் தொடங்கி, 1976இல் முதலாம் படிவத்துக்கு வந்து, 1983இல் பல்கலைக்கழகம் வரை மாற்றம் போனது. அப்பா 1977இல் புகுமுக வகுப்புக்குப் போனபோது அங்கே அவர் கற்றுக்கொண்டது மலாய்.

அப்பாவின் மலாயைக் கேட்க வேண்டும். கெடா மலாய், கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் கம்பத்துக்காரர் என்றே நினைப்பீர்கள். எனக்கும் அப்படித்தான். என் மலாய் இலக்கணம் ஒன்றும் சுத்தமில்லை. ஆனால் பேச நான் யோசித்ததே இல்லை. மலாயில் பந்து விளையாடியிருக்கிறேன், சண்டை போட்டிருக்கிறேன், கடன் கேட்டிருக்கிறேன். 'மலாயில் பேசத் தன்னம்பிக்கை' என்று எங்களுக்கு யாரும் பயிற்சிப் பட்டறை நடத்தவில்லை. பக்கத்தில் பேசும் மொழி ஆங்கிலத்திலிருந்து மலாய்க்கு மாறியது. ஒரு நாட்டுக்கு அது தேவையான மாற்றம்தான்.

ஆனால் அதே சமயத்தில் எங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில் இன்னொன்று நடந்தது. 1972இல் பாயான் லெப்பாசில் சுதந்திர வர்த்தக மண்டலம் திறந்தது. இன்டெல் போன்ற அமெரிக்க நிறுவனங்கள் அதே ஆண்டு பினாங்கில் வேலையைத் தொடங்கின. பள்ளி ஆங்கிலத்தைவிட்டு நகரத் தொடங்கிய இரண்டே ஆண்டில், தொழிற்சாலை ஆங்கிலத்தோடு வந்து இறங்கியது. உற்பத்தி வரிசையில் நிற்பவருக்கு ஆங்கிலம் தேவைப்படவில்லை. பொறியாளருக்குத் தேவைப்பட்டது. அப்பா வரிசையில் சேர்ந்தார். பெரியப்பா கொஞ்சகாலம் தோட்ட ஆபீசில் கிராணியாக இருந்துவிட்டு, பிறை தொழிற்பேட்டையில் ஸ்டோர் பார்க்கப் போனார். ஒரே வீட்டு இரண்டு பேருக்கு நடுவில் மறுபடியும் அந்தப் பழைய வேலி. துரையின் இடத்தில் இப்போது மேலாளர்.

1996இல் தனியார் உயர்கல்விச் சட்டம் வந்தது. அமைச்சின் அனுமதியோடு தனியார் கல்லூரிகள் ஆங்கிலத்தில் பாடம் நடத்தலாம். பக்கத்தில் பேசும் ஆங்கிலம் மறுபடி கிடைத்தது, கட்டணத்தோடு. அந்தக் கட்டணம் லாரி ஓட்டுநர் மகளுக்கானது இல்லை.

*

2003இல் நான் முதலாம் ஆண்டு சேர்ந்த தோட்டத் தமிழ்ப் பள்ளிக்கு ஒரு எல்.சி.டி. புரொஜெக்டர் வந்தது. சக்கரம் வைத்த மேசையில் அதைத் தள்ளிக்கொண்டு வருவார்கள். அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்தில். டாக்டர் மகாதீர் பிரதமராக இருந்தபோது எடுத்த முடிவு. ஆசிரியைக்கு மடிக்கணினி, குறுந்தட்டு, சில வாரப் பயிற்சி. எங்கள் ஆசிரியை பாவம், அவரும் அப்பா மாதிரி மலாயில் படித்து வந்தவர். தட்டு பேசும், நாங்கள் திருப்பிச் சொல்வோம். பிறகு அவர் கதவைச் சாத்திவிட்டுத் தமிழில் விளக்குவார். அவர் விளக்கியதால்தான் எனக்கு அறிவியல் பிடித்தது.

அந்தத் திட்டம் எங்களுக்குச் சொற்களைக் கொடுத்தது. 'ஃபோட்டோசிந்தசிஸ்', 'டினாமினேட்டர்', 'எவாபரேஷன்'. ஏழு வயதில் அவ்வளவு பெரிய சொற்கள். ஆனால் "எனக்குப் புரியல, மறுபடி சொல்லுங்க" என்பதற்கு ஆங்கிலத்தில் எங்களிடம் வாக்கியம் இல்லை. 2009 ஜூலையில், நான் முதலாம் படிவத்தில் இருந்தபோது, திட்டம் 2012 முதல் கைவிடப்படும் என்று அறிவித்தார்கள். தொடங்கியவர்கள் முடித்துக்கொள்ளலாம் என்றார்கள். முடித்தோம்.

அடுத்தது மூயட் தேர்வு. 1999 முதல் உள்நாட்டுப் பல்கலைக்கழகத்துக்குப் போக இருப்பவர்கள் எழுதும் ஆங்கிலத் தேர்வு. 2015இல் நான் எழுதியபோது மொத்தம் 300 புள்ளிகள். அதில் பேச்சுக்கு 45. அதாவது நூற்றுக்குப் பதினைந்து. நாலு பேரை ஒன்றாக உட்கார வைத்து ஏ, பி, சி, டி என்று பெயர் கொடுப்பார்கள். இரண்டு நிமிடம் யோசிக்கணும், இரண்டு நிமிடம் தனியாகப் பேசணும், பிறகு நாலு பேரும் சேர்ந்து விவாதிக்கணும். நான் கேண்டிடேட் சி. "ஐ ஸ்ட்ராங்லி பிலீவ்" என்று தொடங்கி, மனப்பாடம் செய்த மூன்று வாக்கியத்தை எங்கே நுழைக்கலாம் என்று காத்திருந்தேன். மற்ற மூவரும் அதற்குத்தான் காத்திருந்தார்கள். யாரும் யாரையும் கேட்கவில்லை.

2021இல் மூயட்டை மாற்றினார்கள். மொத்தம் 360, நாலு திறனுக்கும் தலா 90. பேச்சின் பங்கு இருபத்தைந்து சதவீதம் ஆனது. நல்ல மாற்றம். ஆனாலும் அது தேர்வுதான், மேலே இருப்பவர் கேட்க நாம் பேசுவது.

பல்கலைக்கழகத்திலும் இதே கதை. மலேசியா 2009இல் வாஷிங்டன் உடன்படிக்கையில் முழு உறுப்பினரானது. அதன்படி எங்கள் பொறியியல் பட்டத்துக்குப் பன்னிரண்டு கற்றல் விளைவுகள் இருந்தன. அவற்றில் ஒன்று கம்யூனிகேஷன். ஒவ்வொரு பாடத்திலும் அதற்கு ஒரு கட்டம், கட்டத்தில் ஒரு எண். பவர்பாயின்ட்டைப் பார்த்து வாசித்தால் எண் கிடைத்துவிடும். வாசித்து முடித்ததும் தமிழ்ப் பையன்கள் தமிழில், மலாய்க்காரர்கள் மலாயில், சீனர்கள் சீனத்தில் பேசிக்கொண்டு கேன்டீனுக்குப் போய்விடுவோம். இதில் யாரையும் குறை சொல்ல முடியாது. நான் என் தோழனிடம் ஏன் ஆங்கிலத்தில் பேசணும்?

*

எனக்கு ஆங்கிலம் எப்போது வந்தது என்று திட்டமாகச் சொல்ல முடியும். வேலையில் சேர்ந்து ஏழாவது மாதம், இரவு பத்து மணிக்கு, அமெரிக்க வாடிக்கையாளரோடு தொலைபேசி அழைப்பு. ஒரு லாட் முழுக்கச் சோதனையில் தோற்றுக்கொண்டிருந்தது. அவர்கள் பொருள் கெட்டது என்றார்கள். எனக்குத் தெரியும், பொருள் நல்லது, சோதனைக் கருவியின் சாக்கெட்டில் ஊசி தேய்ந்திருக்கிறது. மூன்று நாள் அதோடு உட்கார்ந்திருந்தவன் நான். மேலாளர் லைனில் இல்லை. பேசினேன். இருபது நிமிடம். காலமும் பன்மையும் எங்கெங்கோ போயின. அழைப்பு முடிந்தபிறகுதான் கை நடுங்கியது. எதிரில் இருந்தவர் கடைசியாகச் சொன்னது, "ஓகே, சேஞ்ச் தி பின்ஸ்." என் ஆங்கிலத்தைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. அவருக்கு அது தேவைப்படவே இல்லை.

அந்த இருபது நிமிடம் அந்த ஆளும் நானும் ஒரே மேசையில் இருந்தோம். தாத்தாவுக்கு அந்த மேசை கிடைக்கவில்லை. பெரியப்பாவுக்குப் பள்ளியில் கிடைத்தது. அப்பாவுக்கு மலாயில் கிடைத்தது, தொழிற்சாலை வேறு மேசையைக் கேட்டது. எனக்கு இருபத்து நாலு வயதில், வேலைக்குள் வந்தபிறகு கிடைத்தது. இங்கேதான் சிக்கல். பேச்சு வர வேலை வேண்டும். வேலைக்குள் வரப் பேச்சு வேண்டும். அந்தக் கதவில் படிவத்தோடு உட்கார்ந்திருந்தது நான்.

வேலைக்கு ஆங்கிலம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இரவு பத்து மணி அழைப்பை அவளும் எடுக்க வேண்டியிருக்கும். ஆனால் 'உன்னைப் பற்றிச் சொல்' என்பது தொழிற்சாலையில் யாரும் யாரிடமும் கேட்காத கேள்வி. மேலே இருப்பவர் கீழே இருப்பவரை எடைபோடும் கேள்வி. எங்கள் வீட்டில் அதற்கு எந்தப் பரம்பரையும் பழக்கப்படவில்லை.

இந்த ஆண்டு தேர்வுக்கு நான் ஒரு தாளைக் கொண்டுபோனேன். பழைய சோதனை முடிவுகள், ஒரு வரைபடம். மேலாளரிடம் முன்பே கேட்டுக்கொண்டு, முதல் கேள்வியாக அதை மேசை நடுவில் வைத்தேன். இதில் என்ன கோளாறு, நாம சேர்ந்து பார்க்கலாம் என்றேன். பாலிங்கிலிருந்து வந்த ஒரு பையன் முதலில் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டான். ஏழு நிமிடம் பேசினான். உடைந்த ஆங்கிலம், இடையில் இரண்டு மலாய்ச் சொல். சொன்ன காரணம் பாதி தப்பு, பாதி சரி. நான் 4 போட்டேன். மேலாளர் 3 போட்டார். அவனை எடுத்துக்கொண்டோம்.

அன்று வீடு திரும்பும்போது சுங்கைப்பட்டாணிச் சாலை விளக்கில் நின்றிருந்தேன். அவள் பெயர் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. அவள் இறுதியாண்டுத் திட்டம் சூரிய ஒளித் தகடு பற்றியது. படிவத்தில் இருந்தது, படித்தேன். அதைப் பற்றி நான் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.